சொந்தமாகக் கட்டிய கன்டென்சர் மைக்: உரத்த ஒலியில் சிதைவு, பயாஸை எங்கே நிறுத்துவது?

தஞ்சை_செல்வன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமா நாகசுரம் வாசிப்பவர். அவர் வீட்டில் சாதகம் செய்வதை நல்ல தரத்தில் பதிந்து வைக்க வேண்டும் என்பதற்காக ஒரு கன்டென்சர் மைக்கை நானே கட்டியிருக்கிறேன். 34 மி.மீ. கேப்சூல் (ஒலியை வாங்கும் சவ்வும் அதன் பின்தகடும் சேர்ந்த பகுதி), சவ்வுக்கு 60 வோல்ட். பின்தகடு நேராக ஜே305 ஜேஃபெட்டின் கேட்டுக்குப் போகிறது (ஜேஃபெட் ஒரு வகை டிரான்சிஸ்டர்; கேட் அதன் உள்ளீடு, டிரெயினும் சோர்ஸும் மின்னோட்டம் ஓடும் மற்ற இரண்டு முனைகள்). கேட்டிலிருந்து தரைக்கு 1 கிகா ஓம். டிரெயினிலும் சோர்ஸிலும் தலா 2.2 கிலோ ஓம். அந்த இரண்டு முனைகளிலிருந்தும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக இரண்டு பிஎன்பி டிரான்சிஸ்டர்கள், அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் இணைப்பி. ஷெப்ஸ் மைக்கின் சுற்றிலிருந்து பிறந்தது என்று எல்லோரும் சொல்லும் அதே வடிவம்தான். ஜேஃபெட்டுக்கான மின்னழுத்தத்தை 10 வோல்ட்டில் நிறுத்த ஒரு செனர் டயோடு.

பேச்சும் தம்புராவும் அருமையாகப் பதிவாகின்றன. நாகசுரம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதுதான் தொல்லை. ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் ஒரு கரகரப்பு படிந்துவிடுகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) கெயினைக் குறைத்தால் பதிவின் அளவு குறைகிறது, கரகரப்பு அப்படியே இருக்கிறது. மைக்கைத் தள்ளி வைத்தால் குறைகிறது.

மல்டிமீட்டரில் சோர்ஸ் 0.9 வோல்ட், டிரெயின் 9.1 வோல்ட். பயாஸை, அதாவது சிக்னல் இல்லாதபோது ஜேஃபெட் நிற்கும் மின்னழுத்த நிலையை, நகர்த்த உதவும் பிரீசெட் (திருகி மாற்றும் மின்தடை) எதுவும் பலகையில் கிடையாது. எதை மாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பழைய_ரேடியோ எழுதியது:

தம்பி, நீங்கள் கொடுத்த இரண்டு அளவுகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. கெயினைக் குறைத்தும் கரகரப்பு போகவில்லை என்றால், சிதைவு இன்டர்ஃபேஸுக்கு முன்னாலேயே நடக்கிறது. சோர்ஸில் 0.9 வோல்ட் மட்டும் என்றால், ஜேஃபெட்டில் 0.4 மில்லி ஆம்பியர்தான் ஓடுகிறது. சிக்னல் கீழ்நோக்கி இறங்கும்போது சோர்ஸ் 0.9 வோல்ட்டுக்கு மேல் இறங்க இடமில்லை. அதற்குள் மின்னோட்டம் பூஜ்ஜியமாகிவிடும். மேல்பக்கம் நிறைய இடம் வீணாகக் கிடக்கிறது. அலையின் ஒரு பக்கம் முன்கூட்டியே நசுங்குகிறது.

உங்கள் பலகையை வரைந்தவர் 1 கிகா ஓம் மின்தடையைத் தரையில் இறக்கிவிட்டார். அந்த அடி முனையைத் தரையிலிருந்து எடுத்து, ஒரு சிறு நேர் மின்னழுத்தத்தில் வைக்க வேண்டும். 10 வோல்ட்டிலிருந்து 100 கிலோ ஓம், அதன் கீழே 100 கிலோ ஓம் பலசுற்றுப் பிரீசெட், அதன் கீழே தரை. பிரீசெட்டின் நடுக்காலிலிருந்து தரைக்கு 10 மைக்ரோஃபாரட். அந்த நடுக்காலில் 1 கிகா ஓமின் அடி முனையைச் சேருங்கள். திருகினால் 0 முதல் 5 வோல்ட் வரை கிடைக்கும்.

எங்கே நிறுத்துவது? டிரெயினிலும் சோர்ஸிலும் ஒரே அளவு மின்தடை இருக்கும்போது, ஒவ்வொன்றிலும் மொத்த மின்னழுத்தத்தில் கால் பங்கு விழ வேண்டும் என்பது தொடக்கக் கணக்கு. 10 வோல்ட்டுக்கு சோர்ஸ் 2.5, டிரெயின் 7.5. நடுவில் ஜேஃபெட்டுக்கு 5 வோல்ட். ஒரு பக்கம் மின்னோட்டம் முற்றிலும் நிற்கும் வரை, மறுபக்கம் ஜேஃபெட்டின் மேல் மின்னழுத்தம் தீரும் வரை, இரண்டுக்கும் இடையே நடுவில் நிற்பீர்கள்.

எல்லாச் சுற்றுக்கும் ஒரே மதிப்பைப் போட்டுவிடலாமே என்று நினைக்க வேண்டாம். ஜே305க்குத் தரவுத்தாளே கேட்டும் சோர்ஸும் ஒன்றாக இருக்கும்போது ஓடும் மின்னோட்டம் 1 முதல் 8 மில்லி ஆம்பியர் வரை எங்கும் இருக்கலாம் என்கிறது. மின்னோட்டம் நிற்கும் புள்ளி 0.5 முதல் 3 வோல்ட் வரை. 2என்3819 இன்னும் மோசம்: 2 முதல் 20 மில்லி ஆம்பியர். ஒரே பையில் வாங்கிய இரண்டு ஜேஃபெட் அண்ணன் தம்பியாகக்கூட இருக்காது. ஆகவே பிரீசெட் இல்லாத சுற்றை நான் பாதி முடிந்த சுற்று என்றே சொல்வேன்.

ஓர் எச்சரிக்கை. கேட்டில் மல்டிமீட்டர் முனையை வைக்காதீர்கள். மீட்டரின் 10 மெகா ஓம், 1 கிகா ஓமுடன் சேர்ந்து கேட்டின் மின்னழுத்தத்தை நூற்றில் ஒரு பங்காக இழுத்துவிடும். சோர்ஸையும் டிரெயினையும் மட்டும் பாருங்கள்.

கயல்_ஒலி எழுதியது:

ஐயா சொன்ன மாற்றம் சரி. ஆனால் செல்வன், அதைச் செய்வதற்கு முன் இப்போதுள்ள நிலையை ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். அளக்காமல் திருகினால், கேட்ட பாட்டு நல்ல பாட்டா, மைக் நல்ல மைக்கா என்று தெரியாமலே போய்விடும்.

ஸ்பீக்கரை வைத்து மைக்கின் சிதைவை அளக்க முயல வேண்டாம். ஸ்பீக்கர் தானே மைக்கை விடப் பல மடங்கு அதிகமாகச் சிதைக்கும். அளப்பது அதன் குறையாகத்தான் இருக்கும். மின்சாரமாகத்தான் சிக்னலைச் செலுத்த வேண்டும். கேப்சூலின் பின்தகட்டுக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். அந்த இடத்தில், கேப்சூலின் அளவுக்குச் சமமான ஒரு நிலையான மின்தேக்கியை வையுங்கள். உங்கள் கேப்சூல் 60 பிகோஃபாரட் அருகில் இருக்கும் என்றால் 56 பிகோஃபாரட் போதும். பாலிஸ்டைரீன் அல்லது என்பிஓ வகை செராமிக்காக இருக்க வேண்டும். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து 1 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்று பாதியாகப் பிரித்து, அந்தப் பாதியை இந்த மின்தேக்கியின் வழியாகக் கேட்டுக்குக் கொடுங்கள். முழுவதையும் ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மைக்கின் தரையோடு இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாவற்றையும் மூடிவிடும். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி வைப்பதும் உதவும்.

சிலர் மின்தேக்கியே இல்லாமல் நேரடியாகக் கேட்டுக்குச் சிக்னலைக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் அளவு அழகாக வரும், ஆனால் உண்மையாக இருக்காது. ஜேஃபெட்டின் உள்ளே இருக்கும் கொள்ளளவு, மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். 60 பிகோஃபாரட் கேப்சூல் பின்னால் இருக்கும்போது அந்த மாற்றமே சிதைவாக வெளிப்படும். 500 ஓம் மூலத்திலிருந்து ஓட்டினால் அது மறைந்துவிடும்.

மைக்கை அளப்பதற்கு முன் இன்டர்ஃபேஸை அளந்துவிடுங்கள். வெளியீட்டை உள்ளீட்டோடு நேராக இணைத்து, நீங்கள் பின்னர் பயன்படுத்தப் போகும் அதே அளவில் அதன் சொந்தச் சிதைவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையின்போது பான்டம் 48 வோல்ட் (கேபிள் வழியாக மைக்குக்கு இன்டர்ஃபேஸ் தரும் மின்சாரம்) கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். வெளியீட்டுச் சிப்பின் மேல் 48 வோல்ட் ஏறினால் அது போய்விடும். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சிக்னல் உருவாக்குவதும் அலைவரிசைப் பகுப்பும் இரண்டும் உண்டு.

எந்த அளவில் சோதிப்பது என்பதுதான் முக்கியம். 94 டெசிபல் ஒலி என்றால் 1 பாஸ்கல். உங்கள் கேப்சூல் ஒரு பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 114 டெசிபலில் 200 மில்லிவோல்ட். அங்கே தொடங்குங்கள். பிறகு 60 மில்லிவோல்ட்டில் ஒருமுறை, 600 மில்லிவோல்ட்டில் ஒருமுறை. எந்த அளவில் எடுத்தது என்று சொல்லாத சிதைவுச் சதவீதத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

யாழ்_சுருதி எழுதியது:

வணக்கம். இரண்டு விடயங்கள் கேட்க வேண்டும். இந்தச் சுற்றின் வெளியீடு சமநிலையானது. ஒரு கால் மேலே போகும்போது மற்றது கீழே போகிறது. அப்படியென்றால் சிதைவில் பிறக்கும் இரண்டாம் சீரிசை (மூல அதிர்வெண்ணின் இரு மடங்கு) தானாகவே ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டுமே? அடுத்தது, இரண்டாம் சீரிசை என்பது மூல ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி ஷட்ஜமம்தானே. அது சிறிது இருந்தால் கேட்பதற்கு இனிமை என்று பலரும் சொல்கிறார்கள். நாங்கள் அதை இவ்வளவு துரத்த வேண்டுமா?

பழைய_ரேடியோ எழுதியது:

சுருதி, முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. இந்தச் சுற்றைக் கட்டுபவர்களில் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அழியாது. தள்ளு-இழு வகையில் இரண்டு தனித்தனி உறுப்புகள் எதிரெதிராக வேலை செய்யும்போதுதான் இரட்டைப்படைச் சீரிசைகள் அழியும். இங்கே ஒரே ஒரு ஜேஃபெட். அதில் ஓடும் அதே மின்னோட்டம்தான் டிரெயின் மின்தடையிலும் ஓடுகிறது, சோர்ஸ் மின்தடையிலும் ஓடுகிறது. மின்னோட்டத்தில் இரண்டாம் சீரிசை இருந்தால், அது இரண்டு முனைகளிலும் சிக்னலைப் போலவே எதிரெதிர் திசையில் தோன்றும். இன்டர்ஃபேஸ் வித்தியாசத்தை எடுக்கும்போது சிக்னலோடு சேர்ந்து அதுவும் இரட்டிப்பாகும். விகிதம் மாறாது. பின்னால் இருக்கும் இரண்டு பிஎன்பி டிரான்சிஸ்டர்களின் சொந்தச் சிதைவு வேண்டுமானால் ஓரளவு அழியும்.

இரண்டாவதைப் பற்றி: தனி ஸ்வரத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்தும் ஊதுகிறது, தவிலும் முழங்குகிறது. இரண்டு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் போகும்போது, இரண்டாம் வரிசைச் சிதைவு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதிதாக உண்டாக்கும். 880 ஹெர்ட்ஸும் 1000 ஹெர்ட்ஸும் போனால் 120 ஹெர்ட்ஸில் ஒன்றும் 1880இல் ஒன்றும் முளைக்கும். அவை எந்த ராகத்துக்கும் சொந்தமில்லை. நாகசுரத்தின் ஓசையே சீரிசைகளால் நிறைந்தது. அதற்கு நாம் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

தஞ்சை_செல்வன் எழுதியது:

கயல் அக்கா சொன்னபடி டப்பாவுக்குள் வைத்து அளந்துவிட்டேன். 1000 ஹெர்ட்ஸில்:

இன்டர்ஃபேஸ் மட்டும்: 0.004 சதவீதம்.
மைக், 60 மில்லிவோல்ட்: 0.2 சதவீதம்.
மைக், 200 மில்லிவோல்ட்: 0.67 சதவீதம்.
மைக், 600 மில்லிவோல்ட்: 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

இரண்டாம் சீரிசைதான் ஏறத்தாழ முழுவதும். 600இல் மட்டும் மூன்றாவதும் எழுந்து நிற்கிறது. இப்போது பிரீசெட்டைப் பொருத்தப் போகிறேன்.

கயல்_ஒலி எழுதியது:

இந்த எண்களை நம்பலாம். சிக்னலை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தபோது சதவீதமும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது பாருங்கள். இரண்டாம் வரிசைச் சிதைவு அப்படித்தான் நடக்கும். சிக்னல் 10 டெசிபல் இறங்கினால் அதன் விகிதமும் 10 டெசிபல் இறங்கும். மூன்றாம் வரிசை 20 டெசிபல் இறங்கும். அளவைக் குறைத்தும் சதவீதம் அசையவில்லை அல்லது ஏறுகிறது என்றால், நீங்கள் பார்ப்பது இரைச்சலையோ ரீங்காரத்தையோதான். புதிதாக அளக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இரைச்சலையும் சேர்த்துக் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, சீரிசைகளை மட்டும் கூட்டும் எண்ணைப் பாருங்கள்.

ஓம்விதி எழுதியது:

கால் பங்கு விதி எல்லாம் ஸ்கோப்பும் பகுப்பு மென்பொருளும் இல்லாத காலத்துக்கு. உங்களிடம் கருவி இருக்கிறது. 200 மில்லிவோல்ட்டைச் செலுத்திவிட்டு, திரையில் இரண்டாம் சீரிசையைப் பார்த்துக்கொண்டே பிரீசெட்டைத் திருகுங்கள். எங்கே அது மிகக் குறைவாக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். மின்னோட்டம் ஏற ஏற ஜேஃபெட்டின் கடத்துதிறன் ஏறும், சோர்ஸ் மின்தடை கொடுக்கும் பின்னூட்டமும் கூடும், சிதைவு இறங்கிக்கொண்டே போகும். 2.5 வோல்ட்டில் நிற்க எந்தக் காரணமும் இல்லை. என் கணக்கில் 4 வோல்ட் அருகே உங்களுக்கு 0.1 சதவீதத்துக்கும் கீழே கிடைக்கும்.

கயல்_ஒலி எழுதியது:

ஓம்விதி, உங்கள் கணக்கு 200 மில்லிவோல்ட்டில் பிழையில்லாதது. ஆனால் சோர்ஸ் 4 வோல்ட்டுக்குப் போனால் டிரெயின் 6 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஜேஃபெட்டின் மேல் மிச்சம் 2 வோல்ட்தான். சிக்னல் மேலே போகும்போது சோர்ஸ் ஏறுகிறது, டிரெயின் இறங்குகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த 2 வோல்ட் கரையும். சோர்ஸ் அரை வோல்ட் ஏறுவதற்குள்ளேயே ஜேஃபெட் தன் நேர்கோட்டுப் பகுதியை விட்டு வெளியேறிவிடும்.

செல்வன் இந்த மைக்கைத் தம்புராவுக்காகக் கட்டவில்லை. சீவாளியில் காற்று அழுந்தி மேல் ஸ்தாயியில் ஓசை வெடித்து எழும் அந்த நொடிக்காகக் கட்டுகிறார். அந்த நொடியில் மைக் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் பயாஸை நிறுத்த வேண்டும். 200 மில்லிவோல்ட்டில் கிடைக்கும் அழகான எண்ணை வாங்குவதற்காக 600இல் இருக்கும் இடத்தை விற்கக் கூடாது.

செல்வன், தயவுசெய்து மூன்று நிலைகளிலும் அளந்து போடுங்கள்: சோர்ஸ் 2.2, 2.5, 4.0.

தஞ்சை_செல்வன் எழுதியது:

அளந்துவிட்டேன். பிரீசெட்டைத் திருகிய பின் சில வினாடிகள் பொறுத்து, சோர்ஸ் மின்னழுத்தம் அசையாமல் நின்ற பிறகே ஒவ்வொன்றையும் எடுத்தேன்.

சோர்ஸ் 2.2 வோல்ட்: 200 மில்லிவோல்ட்டில் 0.2 சதவீதம், 600இல் 0.6 சதவீதம்.
சோர்ஸ் 2.5 வோல்ட்: 200இல் 0.17, 600இல் 0.5.
சோர்ஸ் 4.0 வோல்ட்: 200இல் 0.09. 600இல் அலையின் ஒரு பக்கம் தட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது. எண்ணை எழுதுவதில் பொருளில்லை.

அக்கா சொன்னதும் ஓம்விதி ஐயா சொன்னதும் இரண்டும் திரையில் கண்ணெதிரே தெரிந்தன. 4 வோல்ட்டில் சிறிய சிக்னல் உண்மையிலேயே மிகச் சுத்தம்.

ஓம்விதி எழுதியது:

நல்ல அளவீடு, செல்வன். கயல் சொல்லும் காரணத்தை ஏற்கிறேன்; நாகசுரத்துக்கு 4 வோல்ட் ஆகாது. ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். மெல்லிய வீணைக்கோ புல்லாங்குழலுக்கோ மட்டும் ஒரு மைக் என்றால் நான் 3 வோல்ட்டுக்கு மேல் வைப்பேன். பயாஸ் எங்கே என்பது ஒலியின் மூலத்தைப் பொறுத்தது.

2.2க்கும் 2.5க்கும் இடையே எதை எடுப்பது என்பதையும் இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கலாம். கால் பங்கு விதி, ஜேஃபெட்டின் மேல் மின்னழுத்தம் பூஜ்ஜியம் வரை இறங்கலாம் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஏறத்தாழ 1 வோல்ட் மிச்சம் இருக்கும்போதே அது வளையத் தொடங்கிவிடும். ஆகவே மேல்பக்கத்தின் இடம் தாளில் இருப்பதை விடக் குறைவு. அதை ஈடுகட்டச் சோர்ஸைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். உங்கள் ஜேஃபெட்டுக்கு 2.2 வோல்ட்டில் இரண்டு பக்கமும் சமமாக வெட்டுப்படும் என்று கணக்கு சொல்கிறது. சிக்னலை 1.8 வோல்ட் வரை ஏற்றி, ஸ்கோப்பிலோ மென்பொருளின் அலைப்படத்திலோ இரண்டு முகடுகளும் ஒரே நேரத்தில் தட்டையாகின்றனவா என்று பாருங்கள். அதுதான் உங்கள் புள்ளி. அப்படிச் செய்யும்போது இன்டர்ஃபேஸின் உள்ளீடு முதலில் நிரம்பிவிடாமல் கெயினைக் கடைசி வரை இறக்கி வையுங்கள். 600 மில்லிவோல்ட்டிலேயே மைக் ஏறத்தாழ 1 வோல்ட் கொடுக்கும்.

ஜேஃபெட்டையே விட்டுவிட்டு ஓபிஏ1642 போன்ற ஆப்-ஆம்ப்பை (பெருக்கிச் சிப்) கேப்சூலின் பின்னால் வைத்தால் இந்தத் திருகல் எதுவும் வேண்டாம், சிதைவு இன்னும் பல படி கீழே போகும். ஒரு சானலுக்கு 1.8 மில்லி ஆம்பியர் கேட்கும், பான்டம் அதைத் தாங்கும். அதைத் தனியாகப் பேசலாம்.

தஞ்சை_செல்வன் எழுதியது:

2.2இல் இரண்டு முகடுகளும் ஒன்றாகத்தான் வெட்டுப்படுகின்றன. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஆனால் ஒரு புதிய சந்தேகம். 1000 ஹெர்ட்ஸில் மூன்றாம் சீரிசை தரையோடு தரையாக இருக்கிறது. அதே 200 மில்லிவோல்ட்டை 60 ஹெர்ட்ஸில் கொடுத்தால் அது தெளிவாக எழுந்து நிற்கிறது. மாமாவோடு தவில்காரரும் வருவார். தொப்பியின் கீழ்நாதம் இந்த இடத்தில்தான் விழும் என்பதால் கேட்கிறேன்.

பழைய_ரேடியோ எழுதியது:

ஜேஃபெட்டுக்கு 60 ஹெர்ட்ஸும் 1000 ஹெர்ட்ஸும் ஒன்றுதான். அலைவரிசை இறங்கும்போது சிதைவு ஏறினால் மின்தேக்கியைச் சந்தேகிக்க வேண்டும். அந்த இரண்டு 0.1 மைக்ரோஃபாரட்டும் என்ன வகை? பருப்பு அளவில் இருக்கும் எக்ஸ்7ஆர் செராமிக் என்றால் குற்றவாளி அதுதான். அந்த வகைப் பீங்கானின் கொள்ளளவு, அதன் மேல் இருக்கும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறும். 1000 ஹெர்ட்ஸில் அதன் மேல் சிக்னல் மின்னழுத்தம் ஏறத்தாழ எதுவும் விழாது, அதனால் அந்தக் குணம் வெளியே தெரியாது. டிரான்சிஸ்டரின் பேஸில் 100 கிலோ ஓம் இருந்தால், 0.1 மைக்ரோஃபாரட்டுடன் சேர்ந்து 16 ஹெர்ட்ஸில் வெட்டு விழுகிறது. 60 ஹெர்ட்ஸில் சிக்னலில் கால் பங்கு மின்தேக்கியின் மேலேயே நிற்கும். அங்கேதான் சிதைவு.

1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் ஃபிலிம் வகையைப் போடுங்கள். வெட்டு 1.6 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், மின்தேக்கியின் மேல் சிக்னலும் இருக்காது, இருந்தாலும் ஃபிலிம் அதைச் சிதைக்காது. இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ்7ஆர் செராமிக் தட்டினால் தானே மின்னழுத்தம் கொடுக்கும் பொருள். மைக்கின் உடலுக்குள், தவில் அதிரும் இடத்தில், அதை வைக்கவே கூடாது.

தஞ்சை_செல்வன் எழுதியது:

எக்ஸ்7ஆர்தான் ஐயா. பாலியெஸ்டரை மாற்றினேன். இப்போது 60 ஹெர்ட்ஸும் 1000 ஹெர்ட்ஸும் ஒரே மாதிரி இருக்கின்றன. மிக்க நன்றி.

யாழ்_சுருதி எழுதியது:

இதுவரை பேசியது எல்லாம் கேட்டுக்குப் பிறகு உள்ள சுற்று. கேப்சூலே சிதைக்காதா? என்னிடம் உள்ள மைக்கில் 10 டெசிபல் குறைக்கும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கேப்சூலுக்கு இணையாக ஒரு மின்தேக்கி சேர்கிறது. உரத்த வாத்தியத்துக்கு அதைத்தானே பயன்படுத்த வேண்டும்?

கயல்_ஒலி எழுதியது:

கேப்சூலும் சிதைக்கும், சுருதி. மின்னேற்றம் மாறாமல் இருக்கும் வரை, கேப்சூலின் மின்னழுத்தம் சவ்வுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியோடு நேர்விகிதத்தில் மாறும். அது கன்டென்சர் மைக்குக்கு இயற்கை கொடுத்த வரம். ஆனால் கேப்சூலுக்கு இணையாக அசையாத கொள்ளளவு எது வந்தாலும், கம்பியோ, பலகையோ, ஜேஃபெட்டின் உள்கொள்ளளவோ, மின்னேற்றம் அதற்கும் இதற்கும் இடையே போய் வரத் தொடங்கும். அந்த நேர்விகிதம் கெடும், இரண்டாம் சீரிசை பிறக்கும்.

செல்வனின் மைக்கை எடுத்துக்கொள்வோம். கேப்சூல் 60 பிகோஃபாரட், இணையாக 15 என்று வையுங்கள். 60 வோல்ட்டில், 114 டெசிபல் ஒலியில், கேப்சூலின் சொந்தச் சிதைவு 0.06 சதவீதம் அளவில் வரும். சுற்றின் 0.2க்கு முன்னால் அது பெரிதல்ல. 10 டெசிபல் குறைப்பதற்காக 160 பிகோஃபாரட்டை இணையாகச் சேர்த்தால், ஜேஃபெட்டின் சுமை இறங்கும், அதன் சிதைவும் இறங்கும். ஆனால் கேப்சூலின் பங்கு மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்கிறது. 60 வோல்ட்டைக் குறைப்பது இதைவிட நேர்மையான வழி என்பது என் கருத்து. அப்போது உணர்திறன் இறங்கும், இணைக் கொள்ளளவு கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்துக் கேட்டுப் பாருங்கள். தள்ளி வைத்தால் நாகசுரத்தின் அணைசும் உலவும் சேர்ந்து ஒரே வாத்தியமாகக் கேட்கும்.

இதே காரணத்துக்காகத்தான் 2எஸ்கே170ஐ இந்த இடத்தில் போடுவதை நான் விரும்புவதில்லை. இரைச்சல் மிகக் குறைவு என்று எல்லோரும் தேடுகிறார்கள். அதன் உள்ளீட்டுக் கொள்ளளவு 30 பிகோஃபாரட். டிரெயினுக்கும் கேட்டுக்கும் இடையே உள்ள 6 பிகோஃபாரட், டிரெயின் எதிர்த்திசையில் ஆடும் இந்தச் சுற்றில் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். சிக்னலில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடும். தயாரிப்பு நின்றுபோன பொருள் என்பதால் சந்தையில் போலிகளும் நிறைய.

பழைய_ரேடியோ எழுதியது:

கயல் சொன்னதோடு ஒரு சிறு குறிப்பு. கேப்சூலை மீண்டும் இணைப்பதற்கு முன், கேட் முனையையும் 1 கிகா ஓமையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பற்றவைத்த இடத்தில் படிந்த ஃபிளக்ஸும் விரல் பட்ட பிசுக்கும் வெயில் காலத்தில் ஒன்றும் செய்யாது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். அந்தக் கசிவு 1 கிகா ஓமுக்கு இணையாக ஓடும். பயாஸ் நகரும், பட் பட் என்று சத்தம் வரும். முடிந்தால் கேட் முனையைப் பலகையில் பற்றவைக்காமல் டெஃப்ளான் தூணில் காற்றில் நிறுத்துங்கள். டெல்டா ஈரத்துக்கு அதுதான் காவல்.

எக்ஸ்எல்ஆரின் இரண்டாம், மூன்றாம் கால்களில் பான்டம் ஓடும்போது உள்ள மின்னழுத்தத்தையும் ஒருமுறை பாருங்கள். 48 வோல்ட் இரண்டு 6.8 கிலோ ஓம் வழியாக வருகிறது. மைக் 4 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒவ்வொரு காலிலும் 34 வோல்ட் அருகில் இருக்கும். இரண்டும் நெருங்கி நிற்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரு டிரான்சிஸ்டர் சுமையைத் தனியாகத் தூக்குகிறது என்று பொருள்.

தஞ்சை_செல்வன் எழுதியது:

கழுவி உலர வைத்துக் கேப்சூலை இணைத்துவிட்டேன். கால்கள் 34.2, 34.4 வோல்ட். மாமாவை ஷண்முகப்ரியா வாசிக்கச் சொல்லிப் பதிந்தேன். மேல் ஸ்தாயியில் அந்தக் கரகரப்பு இல்லை. அவர் கேட்டுவிட்டு, சீவாளி கொஞ்சம் தளர்ந்திருப்பது தெரிகிறது என்று சொன்னார். முந்தைய பதிவில் அது தெரியவே இல்லை.

தவிலுக்கு இதே போல் இன்னொன்று கட்டப் போகிறேன். பிரீசெட்டின் நடுக்காலில் இப்போது 1.6 வோல்ட் இருக்கிறது. அதே 1.6ஐ அதிலும் நிலையான மின்தடைகளால் வைத்துவிடலாமா?

ஓம்விதி எழுதியது:

வேண்டாம். 1.6 என்பது அந்த ஒரு ஜேஃபெட்டின் சொத்து. அடுத்ததில் அதே 2.2 வோல்ட் சோர்ஸுக்கு 0.8 கூட வேண்டியிருக்கும், 1.9 கூட வேண்டியிருக்கும். சோர்ஸை 2.2இல் வைத்து, 600 மில்லிவோல்ட்டில் அளந்து, பெரிய சிக்னலில் இரண்டு முகடுகளையும் பாருங்கள். அது முடிந்த பிறகு பிரீசெட்டின் இரண்டு பக்கத்தையும் அளந்து நிலையான மின்தடையாக மாற்றுவது உங்கள் விருப்பம். நடுக்காலில் 10 மைக்ரோஃபாரட் இருப்பதால் பிரீசெட் சேர்க்கும் இரைச்சல் கேட்டுக்குப் போகாது; அப்படியே விட்டுவிட்டு, திருகின் மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்தாலும் போதும்.

இரண்டையும் ஜோடியாகப் பயன்படுத்துவதாக இருந்தால், 200 மில்லிவோல்ட்டுக்கு இரண்டும் எவ்வளவு வெளியீடு கொடுக்கின்றன என்பதையும் எழுதி வையுங்கள். கடத்துதிறன் வேறுபட்டால் கெயின் அரை டெசிபல் வரை தள்ளி நிற்கும். அதைப் பயாஸால் சரிசெய்ய முயலாதீர்கள். இன்டர்ஃபேஸின் கெயினில் சரிசெய்யுங்கள்.